கடைசியாகத் தெரிந்த முகவரி

1960களின் தொடக்கத்தில், சன் ஆயில் என்னும் அமெரிக்க எண்ணெய் நிறுவனத்தின் கணக்கில் 26,461 டாலர் 65 சென்ட் பைசலாகாமல் கிடந்தது. ஏறத்தாழ 1,730 பேருக்குச் சேர வேண்டிய தொகை அது. ஆளுக்குச் சராசரியாகப் பதினைந்து டாலர். பெரும்பாலும், நிறுவனம் எழுதிக் கொடுத்தும் உரியவர்கள் வங்கியில் மாற்றாமல் விட்ட செக்குகள். இந்தச் சில்லறைக்காக நான்கு மாநிலங்கள் அமெரிக்க உச்ச நீதிமன்றத்தில் வாதாடின. கடன்கள் எங்கள் மண்ணில் உள்ள அலுவலகங்களின் கணக்கில் இருக்கின்றன என்றது டெக்சாஸ். நிறுவனம் பதிவானது எங்களிடம் என்றது நியூ ஜெர்சி. தலைமை அலுவலகம் இங்கேதான் என்றது பென்சில்வேனியா. இடையில் வந்து சேர்ந்துகொண்ட ஃபுளோரிடா, பணத்துக்கு உரியவருடைய முகவரி எந்த மாநிலத்தைக் காட்டுகிறதோ அந்த மாநிலத்துக்கே அது போக வேண்டும் என்றது.

1965ஆம் ஆண்டு பிப்ரவரியில் வந்த தீர்ப்பு ஃபுளோரிடாவின் வழியை ஏற்றது. நிறுவனத்தின் புத்தகத்தில் உள்ள கடைசியாகத் தெரிந்த முகவரி எந்த மாநிலத்தில் இருக்கிறதோ, அந்த மாநிலமே பணத்தை எடுத்துக்கொள்ளலாம். முகவரியே பதிவாகவில்லை என்றால் நிறுவனம் எந்த மாநிலத்தில் பதிவு பெற்றதோ அந்த மாநிலத்துக்குப் போகும். இதைவிட நியாயமான விதி வேறு இருக்க முடியாது என்று நீதிமன்றம் சொல்லவில்லை. எளிமையாகவும் ஓரளவு நியாயமாகவும் இருக்கிறது என்பதே அதன் காரணம். அமெரிக்காவில் கேட்பாரற்றுக் கிடக்கும் பணத்தைத் தேடுகிற எவரும் முதலில் புரிந்துகொள்ள வேண்டியது இந்த விதியைத்தான். நீங்கள் இப்போது எங்கே குடியிருக்கிறீர்கள், எந்த நாட்டுக் குடிமகன் என்பதெல்லாம் இங்கே பொருட்டல்ல. எப்போதோ ஒரு படிவத்தில் எழுதிக் கொடுத்து நீங்களே மறந்துவிட்ட முகவரிதான் பணம் எந்த மாநிலத்தின் பெட்டியில் இருக்கிறது என்பதைத் தீர்மானிக்கிறது.

இந்தச் சட்டத்தின் வேர் பழைய ஆங்கிலேய நிலவுடைமை முறையில் இருக்கிறது. வாரிசில்லாமல் ஒருவர் இறந்தால் அவருடைய நிலம் மேலுள்ள பிரபுவுக்கோ அரசருக்கோ திரும்பிவிடும். அதற்கு எஸ்சீட் என்று பெயர். அமெரிக்க மாநிலங்கள் அந்தச் சொல்லை இன்னும் புழங்குகின்றன என்றாலும் உள்ளடக்கம் மாறிவிட்டது. 1954இல் மாநிலங்களுக்கென்று ஒரு பொது முன்மாதிரிச் சட்டம் வரையப்பட்டது; அது 1981, 1995, 2016 ஆகிய ஆண்டுகளில் புதுப்பிக்கப்பட்டது. மாநிலத்துக்கு மாநிலம் விவரங்கள் வேறுபட்டாலும் இந்த வரைவுகளின் அடிப்படைக் கருத்து ஒன்றுதான்: மாநிலம் பணத்தின் உடைமையாளர் ஆவதில்லை, காப்பாளர் மட்டுமே. உரியவர் வரும்வரை, அவர் இறந்துவிட்டால் அவருடைய வாரிசு வரும்வரை, பணம் அவர்களுடையதுதான். அதனால்தான் பெரும்பாலான மாநிலங்களில் உரிமை கோருவதற்குக் கெடு கிடையாது; முப்பது ஆண்டுகளுக்கு முன் மாநிலத்திடம் போன தொகையை இன்று கேட்டாலும் கொடுப்பார்கள். வீடும் நிலமும் இந்த ஏற்பாட்டுக்குள் வருவதில்லை. வங்கிக் கணக்கு, மாற்றப்படாத சம்பளச் செக், மின்சார நிறுவனத்திடம் கட்டிய முன்பணம், காப்பீட்டுத் தொகை, பங்கு, டிவிடெண்ட், வங்கி லாக்கரில் இருக்கும் பொருள் ஆகியவை வரும்.

பணம் நிறுவனத்திடமிருந்து மாநிலத்துக்கு எப்படிப் போகிறது என்பதற்குக் கலிபோர்னியா நல்ல எடுத்துக்காட்டு. அங்கே ஒரு வங்கிக் கணக்கில் உரியவர் மூன்று ஆண்டுகள் எந்தத் தொடர்பும் கொள்ளவில்லை என்றால் அது செயலற்றதாகக் கருதப்படும். சம்பளத்துக்கு ஓராண்டு போதும். தொகை 50 டாலரோ அதற்கு மேலோ இருந்தால் நிறுவனம் உரியவருக்கு ஒரு கடிதம் அனுப்பியாக வேண்டும். அதற்குக் கீழே இருந்தால் அந்தக் கட்டாயம் இல்லை. பின்னர் நவம்பர் 1ஆம் தேதிக்குள் நிறுவனம், மாநிலத்தின் நிதிக் கணக்குகளைக் கவனிக்கும் கட்டுப்பாட்டாளர் அலுவலகத்துக்குப் பட்டியல் தர வேண்டும். பணத்தை அப்போது கொடுப்பதில்லை. அடுத்த ஜூன் மாதத்தில்தான் கொடுக்க வேண்டும். இடைப்பட்ட மாதங்களில் அலுவலகம் தன் பங்குக்கு உரியவருக்கு ஒரு கடிதம் எழுதும்.

இந்த இடைவெளி தானாக வந்ததல்ல. இங்கிலாந்தில் வசித்துவந்த, இன்டெல் நிறுவனத்தின் முன்னாள் ஊழியர் ஒருவர், தம் பங்குகளை மாநிலம் எடுத்து விற்றுவிட்டது என்றும் அது பற்றித் தமக்கு எந்தத் தகவலும் வரவில்லை என்றும் தொடுத்த வழக்கில், 2007இல் கூட்டாட்சி நீதிமன்றம் கலிபோர்னியாவின் திட்டத்தையே தற்காலிகமாக முடக்கியது. அதன் பிறகே சட்டம் திருத்தப்பட்டு, பணம் கைமாறுவதற்கு முன்பே அரசும் அறிவிப்பு அனுப்ப வேண்டும் என்ற ஏற்பாடு வந்தது. வழக்கு அதோடு முடியவில்லை. 2016இல் உச்ச நீதிமன்றம் மேல்முறையீட்டை விசாரணைக்கு எடுத்துக்கொள்ள மறுத்தாலும், நீதிபதி சாமுவேல் அலிட்டோ, கிளாரன்ஸ் தாமஸ் உடன்பட, தனியாக ஒரு குறிப்பு எழுதினார். செயலற்ற காலத்தை மாநிலங்கள் குறைத்துக்கொண்டே வருகின்றன, ஆனால் உரியவரைத் தேடும் முயற்சி அதற்கேற்ப வளரவில்லை, இது அரசியலமைப்புக்கு ஒத்ததா என்பதை வேறொரு வழக்கில் ஆராய வேண்டியிருக்கலாம் என்பது அதன் சாரம். கலிபோர்னியாவையே பார்த்தால், 1959இல் சட்டம் வந்தபோது 15 ஆண்டுகளாக இருந்த காலம் படிப்படியாகக் குறைந்து 3 ஆண்டுகளில் வந்து நிற்கிறது.

பங்குகளின் விஷயத்தில் மட்டும் ‘காப்பாளர்’ என்ற சொல் கொஞ்சம் நழுவுகிறது. மாநிலம் பங்கைப் பங்காக வைத்திருப்பதில்லை. குறிப்பிட்ட காலத்துக்குள் விற்றுவிடுகிறது. பத்தாண்டு கழித்து உரியவர் வந்தால் கிடைப்பது விற்ற அன்றைய விலைதான். வாங்கிப் போட்டுவிட்டுப் பல ஆண்டுகள் திரும்பிப் பார்க்காமல் இருப்பது முதலீட்டில் நல்ல பழக்கம் என்று சொல்லப்படுகிறது. இந்தச் சட்டத்தின் கண்ணில் அதே பழக்கம் உரியவர் தொலைந்துபோனதற்கான அடையாளம். ஆண்டுக்கொரு முறை கணக்கில் உள்நுழைவதோ, நிறுவனத்திலிருந்து வரும் கடிதத்துக்குப் பதில் போடுவதோ பொதுவாகத் தொடர்பாகக் கொள்ளப்படும். டிவிடெண்ட் தானாக மறுமுதலீடு ஆவதைப் பல மாநிலங்கள் அப்படிக் கொள்வதில்லை.

வட்டியிலும் இதே சிக்கல் எழுந்தது. வட்டி தரும் வங்கிக் கணக்கை எடுத்துக்கொண்ட இந்தியானா மாநிலம், திருப்பித் தரும்போது அசலை மட்டும் தருவோம் என்றது. 2013இல் ஏழாவது வட்டார மேல்முறையீட்டு நீதிமன்றத்தில் நீதிபதி ரிச்சர்ட் போஸ்னர் எழுதிய தீர்ப்பு இதை ஏற்கவில்லை. பாதுகாத்து வைத்ததற்கு மாநிலம் கட்டணம் கேட்கலாம். ஆனால் அசல் யாருடையதோ வட்டியும் அவருடையது, அதை எடுத்துக்கொள்வது இழப்பீடின்றிச் சொத்தைப் பறிப்பதாகும் என்பது அதன் முடிவு. எல்லா மாநிலங்களும் இதனால் வட்டி கொடுக்கத் தொடங்கிவிடவில்லை. வட்டி தருவதா, எந்த விகிதத்தில் தருவது என்பது இன்னும் மாநிலத்துக்கு மாநிலம் மாறுகிறது.

காப்பாளருக்கு, உரியவர் வராமல் இருந்தால் ஆதாயம் என்ற நிலை இருப்பதுதான் இந்த ஏற்பாட்டின் அடிப்படைக் குறை என்பது என் கருத்து. வந்து சேரும் பணத்தில் ஒரு பகுதியைத் திருப்பித் தருவதற்கென ஒதுக்கிக்கொண்டு மீதியை மாநிலங்கள் பொதுச் செலவுக்கே பயன்படுத்துகின்றன. நியூயார்க், கலிபோர்னியா ஆகிய இரு மாநிலங்களிலும் உரியவர்களுக்குத் தர வேண்டிய மொத்தத் தொகை தனித்தனியே 1,000 கோடி டாலருக்கு மேல். இதில் மிகத் துலக்கமான எடுத்துக்காட்டு டெலவர். பரப்பளவில் மிகச் சிறியது. ஆனால் பத்து லட்சத்துக்கு மேற்பட்ட நிறுவனங்கள் அங்கே பதிவு பெற்றிருக்கின்றன. 1965 தீர்ப்பின் இரண்டாம் விதிப்படி, முகவரி இல்லாத பணமெல்லாம் நிறுவனம் பதிவான மாநிலத்துக்குப் போவதால் டெலவருக்கு அது பெரிய ஊற்றாகிவிட்டது. மாநிலத்தின் வருவாய் இனங்களில் மூன்றாம் இடம் வரை உயர்ந்தது.

அந்த ஊற்றுக்காக டெலவர் எவ்வளவு தூரம் போனது என்பதையும் நீதிமன்றப் பதிவுகள் காட்டுகின்றன. பழைய ஆண்டுகளின் கணக்குகள் நிறுவனத்திடம் இல்லையென்றால், இருக்கிற சில ஆண்டுகளின் கணக்கை வைத்து இல்லாத ஆண்டுகளுக்கும் ஒரு தொகையை மதிப்பிட்டு வசூலிப்பது அதன் வழக்கம். மாநிலத்தின் சார்பில் தணிக்கை செய்த தனியார் நிறுவனத்துக்கு, கண்டெடுக்கும் தொகையில் பங்கு. டெம்பிள் இன்லேண்ட் என்னும் நிறுவனம் தொடுத்த வழக்கில், இந்த நடைமுறை மனசாட்சியை உலுக்குகிறது என்று 2016இல் கூட்டாட்சி நீதிமன்றம் கண்டித்தது. அடுத்த ஆண்டே டெலவர் தன் சட்டத்தைத் திருத்தியது. 2023இல் மற்றொரு அடி விழுந்தது. பணம் அனுப்பும் சேவை நடத்தும் மணிகிராம் நிறுவனம் வங்கிகளுக்காகக் கையாண்ட ஒருவகைச் செக்குகளில் மாற்றப்படாமல் நின்றவற்றின் பணம் டெலவருக்கா, செக் வாங்கப்பட்ட மாநிலங்களுக்கா என்ற வழக்கில், உச்ச நீதிமன்றம் ஒருமனதாக டெலவருக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. நீதிபதி கெட்டான்ஜி பிரவுன் ஜாக்சன் நீதிமன்றத்தின் சார்பில் எழுதிய முதல் தீர்ப்பு அதுதான்.

இதையெல்லாம் சொல்வதால் மாநிலங்களைக் கொள்ளைக்காரர்கள் என்று முடிவு கட்டிவிடக் கூடாது. மாநிலம் எடுத்துக்கொள்ளாவிட்டால் அந்தப் பணம் நிறுவனத்திடம்தானே இருந்திருக்கும்? அங்கே அது எப்படி நடத்தப்பட்டது என்பதற்கு ஆயுள் காப்பீட்டு நிறுவனங்களே சாட்சி. சமூகப் பாதுகாப்புத் துறை வெளியிடும் இறந்தவர் பட்டியலைப் பார்த்து, தங்களிடம் மாதாமாதம் ஓய்வுத் தொகை வாங்குபவர் இறந்ததும் அதை உடனே நிறுத்திய நிறுவனங்கள், அதே பட்டியலில் தங்கள் ஆயுள் பாலிசிதாரர்களின் பெயர் இருக்கிறதா என்று தேடவில்லை. குடும்பத்தார் வந்து கேட்டால்தான் கொடுப்போம் என்று இருந்தன. குடும்பத்தாருக்கோ பாலிசி இருப்பதே தெரியாது. மாநிலங்களின் தணிக்கைதான் இதை வெளிக்கொணர்ந்தது. 2011இல் கலிபோர்னியக் கட்டுப்பாட்டாளர் ஜான் சியாங், ஜான் ஹான்காக் நிறுவனத்தோடு உடன்பாடு கண்டார். புருடென்ஷியல், மெட்லைஃப் முதலியவையும் பின்தொடர்ந்தன.

தேடுவது எப்படி என்ற கேள்விக்கு வருவோம். நாடு முழுவதற்குமான ஒரே பட்டியல் கிடையாது. மாநிலக் கருவூலர்களும் கட்டுப்பாட்டாளர்களும் அடங்கிய நாப்பா என்னும் தேசிய அமைப்பின் ஆதரவோடு நடக்கும் ‘மிஸ்ஸிங் மணி’ என்ற இணையதளத்தில் பல மாநிலங்களின் பட்டியல்களை ஒருசேரத் தேடலாம். ஆனால் அதோடு நிறுத்திக்கொள்ளாமல், குடியிருந்த ஒவ்வொரு மாநிலத்தின் அரசுத் தளத்திலும் தனியாகத் தேடுவதே சரி. அமெரிக்காவில் ஏழு பேரில் ஒருவருக்கு இப்படி ஏதேனும் ஒரு தொகை இருப்பதாக நாப்பா சொல்லி வருகிறது. தேடுவதற்குக் கட்டணம் இல்லை.

அங்கே படித்தும் வேலை பார்த்தும் ஊர் திரும்பிய தமிழர்கள் இந்தத் தேடலில் தடுக்கி விழும் இடம் பெயர்தான். முதலெழுத்தும் ஒற்றைப் பெயருமாக நாம் பழகியது அமெரிக்கப் படிவத்தின் இரண்டு கட்டங்களுக்குள் அடங்குவதில்லை. சிலருக்குத் தந்தை பெயர் குடும்பப் பெயராகியிருக்கும். சிலருக்குத் தம் பெயரே குடும்பப் பெயராகித் தந்தை பெயர் முதற்பெயராகியிருக்கும். பாஸ்போர்ட்டில் ஒற்றைப் பெயர் மட்டும் உள்ளவர்களுக்கு விசாவில் அந்தப் பெயர் குடும்பப் பெயரின் இடத்தில் ஏறி, முதற்பெயரின் இடத்தில் ‘எஃப்என்யூ’ என்று, அதாவது முதற்பெயர் தெரியவில்லை என்று, அச்சாகும். பல்கலைக்கழகம் ஒரு விதமாகவும் வங்கி வேறு விதமாகவும் மின்சார நிறுவனம் மூன்றாவது விதமாகவும் ஒருவரை எழுதியிருக்க வாய்ப்புண்டு. ஆகவே தந்தை பெயரைக் குடும்பப் பெயராக வைத்து ஒரு முறை, முன்பின்னாக மாற்றி ஒரு முறை, முதலெழுத்தோடு ஒரு முறை, எழுத்துக்கூட்டலை மாற்றி ஒரு முறை என்று பொறுமையாகத் தேட வேண்டும். செந்தில், ஜோதி போன்ற பெயர்களை ஆங்கிலத்தில் ‘எச்’ சேர்த்தும் சேர்க்காமலும் போட்டுப் பார்க்க வேண்டும். கணவன் மனைவி இருவர் பெயரிலும் தேட வேண்டும். வீட்டு முன்பணம் எவர் பெயரில் போனது என்பது பத்தாண்டு கழித்து யாருக்கும் நினைவிருப்பதில்லை.

இன்னொன்று, கிளம்பும்போது வங்கியிலோ பங்குத் தரகரிடமோ சென்னை, மதுரை முகவரியைக் கொடுத்துவிட்டு வந்தவர்கள் தாம் வாழ்ந்த மாநிலத்தில் மட்டும் தேடினால் ஏமாறலாம். கடைசி முகவரி வெளிநாட்டில் இருந்தால் பணத்தை வைத்திருக்கும் நிறுவனம் எந்த மாநிலத்தைச் சேர்ந்ததோ அந்த மாநிலம் எடுத்துக்கொள்ளலாம் என்று முன்மாதிரிச் சட்டங்கள் சொல்கின்றன. பெரிய நிறுவனங்களில் பல டெலவரில் பதிவானவை என்பதால், அந்த மாநிலத்தில் கால் வைத்தே இராதவரும் அதன் பட்டியலைப் பார்ப்பது வீண்போகாது.

பெயர் கிடைத்த பிறகு வேலை மெய்ப்பிப்பதில் இருக்கிறது. இன்னார் நான்தான் என்பதற்கு அடையாள அட்டை. அங்கே வேலை பார்த்தபோது அமெரிக்க அரசு கொடுத்த சமூகப் பாதுகாப்பு எண்; நாட்டை விட்டு வந்த பிறகும் அது மாறுவதில்லை. பட்டியலில் உள்ள பழைய முகவரியில் நான் இருந்தேன் என்பதற்குச் சான்று. இந்த மூன்றாவதுதான் பலருக்குக் கிடைக்காமல் போகிறது. முதலாளி கொடுத்த டபிள்யூ-2 வருமானப் படிவத்தில் பெயர், முகவரி, எண் மூன்றும் ஒரே தாளில் இருப்பதால் அதைவிட நல்ல சான்று அரிது. பழைய வங்கி அறிக்கையோ மின்கட்டண ரசீதோ கூடப் போதும். தொகை பெரிதானால் நோட்டரி முன்னிலையில் கையொப்பம் கேட்பார்கள். இந்தியாவில் இருப்பவர்கள் சென்னை அமெரிக்கத் துணைத் தூதரகத்தில் கட்டணம் செலுத்தி அதைச் செய்துகொள்ள முடியும். உரியவர் இறந்திருந்தால் இறப்புச் சான்றிதழ், உயில் இருந்தால் அதன் நகல், வாரிசு உரிமைக்கான ஆவணம் ஆகியவை வேண்டும். கலிபோர்னியாவில் விண்ணப்பத்தின் மீது முடிவெடுக்க 180 நாள் வரை சட்டம் அவகாசம் தருகிறது. கடைசியில் கையில் வருவது பெரும்பாலும் டாலர் செக். அதை இங்குள்ள வங்கியில் மாற்றுவது இப்போது எளிதல்ல என்பதால், அமெரிக்காவில் தம் பெயரில் ஒரு கணக்கை மூடாமல் வைத்திருப்பவர்களுக்கு இந்த இடத்தில் அலைச்சல் குறைவு.

உங்கள் பணத்தைக் கண்டுபிடித்துத் தருகிறோம் என்று கடிதமோ தொலைபேசி அழைப்போ வந்தால், அது மோசடி என்று உடனே சொல்லிவிட முடியாது. இதைத் தொழிலாகவே செய்பவர்கள் இருக்கிறார்கள், சட்டமும் அவர்களை அனுமதிக்கிறது. கலிபோர்னியாவிலும் டெக்சாஸிலும் அவர்கள் 10 சதவீதத்துக்கு மேல் கேட்க முடியாது, நியூயார்க்கில் 15. சிக்கலான வாரிசுரிமை வழக்கில் அந்தக் கூலி தகும். சொந்தப் பெயரில் உள்ள நூறு டாலருக்குத் தகாது. முன்கூட்டியே பணம் கட்டச் சொல்பவர் எவரானாலும் அவரிடமிருந்து விலகிக்கொள்ள வேண்டும். எந்த மாநில அரசும் உரியவரின் பணத்தைத் தருவதற்கு முன்பணம் கேட்பதில்லை.

வரி பாக்கி என்றால் சரியான வீட்டுக் கதவுக்கு நோட்டீஸ் அனுப்பத் தெரிந்த அரசுக்கு, பணம் தர வேண்டும் என்றால் மட்டும் முகவரி தெரியாமல் போவது எப்படி என்ற கேள்வியை உரியவர்கள் நெடுங்காலமாகக் கேட்டு வந்தார்கள். சில மாநிலங்கள் இப்போதுதான் அதற்குப் பதில் சொல்லத் தொடங்கியிருக்கின்றன. இல்லினாயில் கருவூலர் மைக்கேல் ஃப்ரெரிக்ஸ் காலத்தில், வரித்துறையின் பதிவோடு பட்டியலை ஒப்பிட்டு, விண்ணப்பமே இல்லாமல் செக் அனுப்பும் முறை வந்தது. பென்சில்வேனியா 2024இல் இதற்கெனச் சட்டம் இயற்றியது. ஒருவருக்கு மட்டும் உரியதாக, 500 டாலர் வரை உள்ள தொகையை, முகவரி உறுதியானதும் கருவூலமே அனுப்பிவிடும். ஆனால் இந்த ஏற்பாடும் முகவரியைத்தான் நம்பி நிற்கிறது. மாநிலத்தில் இன்னும் குடியிருந்து அரசின் வேறொரு பதிவேட்டில் புதிய முகவரியோடு இருப்பவருக்குச் செக் வீடு தேடி வரும். நாட்டை விட்டே கிளம்பி வந்துவிட்டவர் ஒப்பிட்டுப் பார்க்கும் எந்தப் பதிவேட்டிலும் இல்லை, அவர் தாமாகத்தான் தேட வேண்டும்.